கியூபாவிற் கையடக்க இணையமும் மக்கட் குரலும் – ஒரு வரலாற்று நோக்கு

1958ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் சியரா மயெஸ்ட்ரா மலைப்பகுதியிலிருந்து ‘ரேடியோ ரெபெல்டே’ எனும் வானொலி ஒலிக்கத் தொடங்கிற்று. அதனை நிறுவுவதில் முன்னின்றவர் சே குவேரா. பட்டிஸ்டா ஆட்சியின் தணிக்கைக்கு உட்பட்ட பத்திரிகைகள் சொல்லாது விட்டவற்றை அச்சிறிய வானொலி சொல்லிற்று. மலையில் நடந்த போர் நகரத்து வீடுகளுக்குள்ளும் கேட்டது. ஆகவே, செய்தியைக் கொண்டுசெல்லும் கருவியின் ஆற்றல் எத்தகையது என்பதை 1959இல் ஆட்சிக்கு வந்தோர் எவரிடமும் பயில வேண்டியிருக்கவில்லை. பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி ஆகிய யாவும் காலப்போக்கில் அரசினதும் கட்சியினதும் கைக்குட்பட்டன. அவை தனியுடைமையாதலை 1976ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வெளிப்படையாகவே தடைசெய்தது.

இதே புரட்சிதான் 1961இல் மாணவரையும் இளைஞரையும் கிராமங்களுக்கு அனுப்பி எழுத்தறிவித்தது. ஏறத்தாழ 23 சதவீதமாயிருந்த எழுத்தறியாமை ஓராண்டினுள் 4 சதவீதத்துக்குக் குறைந்ததென அரசு அறிவித்தது. கியூபா என்றதும் நம்மிற் பலர் பெருமிதத்தோடு நினைவுகூரும் சாதனை இது, அப்பெருமிதம் நியாயமானதே. ஆனால் எழுதவும் வாசிக்கவும் கற்ற ஒரு சமுதாயத்துக்கு எழுதுவதற்கான களம் மறுக்கப்பட்டிருந்தது என்பதும் உடன்வைத்து நோக்கத்தக்கது. 2018இன் பின் நிகழ்ந்தவற்றை இம்முரண்பாட்டின் வெளிச்சத்திலேயே விளங்கிக்கொள்ள முடியும்.

ஒப்புநோக்குக்காக முதலில் 1994ஐக் கருதலாம். சோவியத் உதவி நின்றுபோன பஞ்ச காலத்தில், அவ்வாண்டு ஓகஸ்ட் 5ஆந் திகதி, ஹவானாவின் மலேகோன் கடற்கரை வீதியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு குரலெழுப்பினர். பிடெல் காஸ்ட்ரோ நேரில் அங்கு சென்றார், கூட்டம் கலைந்தது. அன்று நடந்தது என்னவென்பதை ஏனைய மாகாணங்களின் மக்கள் வாய்மொழியாகவும், அரசு சொல்ல விரும்பிய அளவிலுமே அறிந்தனர். அடுத்து வந்த வாரங்களில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் தெப்பங்களிலும் சிறு படகுகளிலும் நாட்டைவிட்டு நீங்கினர். கோபம் ஒரு வீதியைக் கடந்து மறு வீதிக்குச் செல்ல வழியில்லாதபோது அது கடலை நோக்கித் திரும்பியது எனலாம்.

இணையம் 1996இல் கியூபாவுக்கு வந்தது. அதனை எவர் பயன்படுத்தலாம் என வரையறுக்கும் ஆணையும் அவ்வாண்டே வந்தது. நெடுங்காலம் அது நிறுவனங்களுக்கும் சில தொழில்சார் பிரிவினருக்குமே கிட்டியது. ஐக்கிய அமெரிக்காவின் பொருளாதாரத் தடையும் இதற்குரிய காரணங்களுள் ஒன்று. வெனிசுவேலாவிலிருந்து 2011இல் கொணரப்பட்ட கடலடிக் கம்பிவடம்கூட 2013இலேயே இயங்கலாயிற்று. சாதாரண குடிமக்கள் தம் பெயரிற் கையடக்கத் தொலைபேசி வைத்திருக்கும் உரிமையை 2008இலேயே பெற்றனர். 2015இல் 35 பொது இடங்களிற் கம்பியில்லா இணையம் திறக்கப்பட்டது. ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ இரண்டு டொலர். அரச ஊழியரின் சராசரி மாத வருமானமோ முப்பது டொலரையும் எட்டாத காலம் அது. மக்கள் சுரண்டல் அட்டையை வாங்கிக்கொண்டு பூங்கா வாங்கில்களிலும் நடைபாதை ஓரங்களிலும் அமர்ந்து, புலம்பெயர்ந்த உறவினரின் முகங்களைத் திரையிற் பார்த்துப் பேசினர். அருகிலிருப்பவர் கேட்பார், பொலிசாரும் பார்ப்பர். அந்தரங்கம் அற்ற இடத்தில் அந்தரங்கம் பேசும் நிலை!

இணையமின்றியே இணையத்தைக் கண்ட விந்தையையும் குறிப்பிடல் வேண்டும். திரைப்படம், தொடர்நாடகம், சஞ்சிகை முதலியவற்றை வன்தட்டில் நிரப்பி வீடுவீடாக விற்ற ‘வாராந்தப் பொதி’ நாடெங்கும் பரவியிருந்தது. ஹவானா இளைஞர்கள் கூரைக்குக் கூரை கம்பிகளையும் அலைவாங்கிகளையும் பொருத்தி ‘எஸ்நெட்’ எனும் வலையமைப்பை உருவாக்கினர். அரசியல் பேசலாகாது என்பது அவர்கள் தமக்குத் தாமே விதித்த விதி. அந்த விதியாலேயே அது வாழ்ந்தது. ஆயினும் 2019இல் வந்த புதிய ஒழுங்குவிதிகள் அதனையும் முடிவுறுத்தி, அரசின் கணினிக் கழகங்களுள் உள்ளடக்கின.

2018 டிசம்பர் 6ஆந் திகதி, நாட்டின் ஒரே தொலைத்தொடர்பு நிறுவனமான ‘எடெக்சா’ மூன்றாந் தலைமுறைக் கையடக்க இணையச் சேவையைத் தொடங்கிற்று. 600 மெகாபைட்டுக்கு ஏழு டொலரும் 4 கிகாபைட்டுக்கு முப்பது டொலரும் விலை. இதனை அரசின் தாராள மனப்பான்மை எனக் கொள்வதற்கில்லை. வெனிசுவேலாவின் உதவி சுருங்கிய நிலையில் வெளிநாட்டுச் செலாவணி அவசியமாயிற்று. மியாமியிலும் மட்ரிட்டிலும் உள்ள உறவினர் செலுத்தும் மீள்நிரப்புக் கட்டணம் அதற்கு நல்லதொரு வழி. இதனை முற்றாக மூடினால் வருமானம் நிற்கும். திறந்து வைத்தால் குரல் எழும். பின்னர் நடந்தவையெல்லாம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தடுமாற்றமே என்பது என் துணிபு.

பூங்காவிலிருந்து இணையம் வீட்டுக்கும் வீதிக்கும் வந்தமை வெறும் வசதி மாத்திரமன்று. நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், நடக்கும் கணத்திலேயே அதனைப் பிறருக்குக் காட்டும் ஆற்றல் முதன்முறையாகத் தனிமனிதர் கைக்கு வந்தது. ஆனால் அதனை முதலிற் பயன்படுத்தியோர் அரசின் எதிரிகள் அல்லர். 2019 ஜனவரி 27இல் ஹவானாவின் ரெக்லா, குவானபகோவா, தியெஸ் தெ ஒக்துப்ரே ஆகிய பகுதிகளைச் சூறாவளி தாக்கியபோது, இளைஞர்கள் முகநூல், வாட்ஸ்அப் வாயிலாக ஒன்றுசேர்ந்து உணவும் உடையும் கொண்டு சென்றனர். அரச அமைப்பு எதனதும் ஏவலின்றி மக்கள் தாமே கூடிச் செயற்பட்டமை அந்நாட்டிற் புதுமை. ஏப்ரல் 7இல் விலங்குவதைக்கு எதிரான ஊர்வலம் அனுமதியோடு நடந்தது. மே 11இல், அரச நிறுவனம் தன் வருடாந்த ஊர்வலத்தை இரத்துச் செய்ததால், பாலியல் சிறுபான்மையினர் அனுமதியின்றியே பிராதோ வீதியில் நடந்தனர். அவர்களுட் சிலர் கைதாயினர். இணையக் கட்டணத்தைக் குறைக்கக் கோரும் இயக்கமும் அவ்வாண்டே எழுந்தது. நாய்க்கும் நனைந்த வீட்டுக்கும் கட்டணத்துக்கும் என ஒன்றுகூடியோர், கூடுதல் எப்படி என்பதைக் கற்றுக்கொண்டனர். பெரும் முழக்கங்களை விட இச்சிறு பயிற்சிகளே முக்கியமானவை என நான் கருதுகின்றேன்.

அரசு வாளாவிருக்கவில்லை. 2019 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 370ஆம் இலக்க ஆணைச்சட்டம், சமூக நலனுக்கும் ஒழுக்கத்துக்கும் மாறான செய்திகளை இணையத்திற் பரப்புவோர்க்கு 3,000 பெஸோ தண்டம் விதிக்க இடமளித்தது. அது பலருடைய இரண்டு மூன்று மாதச் சம்பளம். சுதந்திரப் பத்திரிகையாளர் பலர் அதனைச் செலுத்த நேர்ந்தது.

கலைஞர்களைக் கட்டுப்படுத்தும் 349ஆம் ஆணையை எதிர்த்து 2018இல் உருவான சான் இசித்ரோ இயக்கத்தினர், 2020 நவம்பரிற் பழைய ஹவானாவில் ஒரு வீட்டினுள் உண்ணாவிரதமிருந்தனர். நவம்பர் 26 இரவு கொரோனா விதிகளைக் காரணங்காட்டிப் பொலிசார் அவர்களை வெளியேற்றினர். அவ்வேளை முகநூல் முதலிய தளங்கள் செயலிழந்தன. மறுநாள் பண்பாட்டு அமைச்சின் முன் சில நூற்றுவர் கூடி நள்ளிரவு கடந்தும் நின்றனர். 2021 ஜனவரி 27இல் அதே அமைச்சின் வாசலில் அமைச்சர் அல்பிதியோ அலோன்சோ, தம்மைப் படம்பிடித்த பத்திரிகையாளரின் தொலைபேசியைக் கையால் அறைந்தார். அந்த அறையும் பதிவாகி நாடெங்கும் சென்றது!

2021 ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை. மின்வெட்டாலும் மருந்து, உணவுத் தட்டுப்பாட்டாலும் நலிந்திருந்த சான் அன்தோனியோ தெ லொஸ் பாஞோஸ் நகர மக்கள் வீதிக்கு இறங்கினர். முகநூல் நேரலையில் அதனைக் கண்டோர் தத்தம் ஊர்களில் இறங்கினர். கையடக்க இணையம் வைத்திருந்தோர் அப்போது நாற்பது இலட்சத்துக்கும் அதிகம். ஜனாதிபதி தியாஸ்-கனெல், 1994இற் காஸ்ட்ரோ செய்ததுபோன்று, அந்நகருக்கு நேரிற் சென்றார். ஆனால் அவர் அங்கு நின்ற வேளையில் நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்களில் மக்கள் நடந்துகொண்டிருந்தனர். ஒரு தலைவர் ஓரிடத்துக்கே செல்லமுடியும். புரட்சியாளர் வீதிக்கு வரவேண்டுமெனத் தொலைக்காட்சியில் அவர் அழைப்பு விடுத்தார். அன்று பிற்பகலே கையடக்க இணையம் துண்டிக்கப்படலாயிற்று.

துண்டித்தவர் யார் என்று தேடவேண்டியதில்லை. விற்பவரும் துண்டிப்பவரும் ஒருவரே. மேலும், ஊருக்கு ஊர் செய்தி சொன்ன அதே காட்சிகள், பின்னர் நடந்தோரின் முகங்களை அடையாளங்காணவும் உதவின. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். 2022 மார்ச்சில், ஹவானாவின் இரு பகுதிகளில் நடந்த ஆர்ப்பாட்டங்களுக்காக மட்டும் 128 பேருக்கு முப்பது ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நுவெவித்தாஸ் நகரில் 2022 ஓகஸ்டில் நடந்த ஆர்ப்பாட்டத்தைப் படம்பிடித்துப் பரப்பிய இளம்பெண் ஒருவர் 2024இற் பதினைந்து ஆண்டுகள் தண்டிக்கப்பட்டார்.

இவற்றுக்கெல்லாம் அந்நியச் சதியே காரணம் என்பது அரசின் வாதம். அது முற்றிலும் கற்பனையன்று. அமெரிக்க உதவி நிறுவனம் ‘சுன்சுனேயோ’ எனும் குறுஞ்செய்திச் சேவையைக் கியூபரிடையே மறைவாக நடத்தியமை 2014இல் வெளிப்பட்டது. ஆயினும் இருளில் கிடந்த நகரத்துக்கு இருள் சதியால் வந்ததன்று. மறுபுறம், இணையமே விடுதலை எனக் கூறுவோரும் தவறிழைக்கின்றனர். நாடகாசிரியர் யூனியோர் கார்சியா 2021 நவம்பர் 15க்கு அழைத்த அமைதி ஊர்வலத்துக்கு முகநூலிற் பேராதரவு இருந்தது. முன்னாளிலேயே அவர் வீட்டினுள் முடக்கப்பட்டார்; ஊர்வலம் நிகழவில்லை; இரு நாட்களின் பின் அவர் ஸ்பெயின் சென்றார். கணநேரத்தில் மக்களைக் கூட்டவல்ல கருவி, திகதி குறித்துக் கூடுவதற்குத் தேவையான அமைப்பை வழங்கவில்லை.

2025 மே 30இல் எடெக்சா கட்டணங்களை மாற்றியது. உள்நாட்டு நாணயத்தில் மாதம் 360 பெஸோவுக்கு மேல் மீள்நிரப்ப இயலாதாயிற்று. மேலதிக 3 கிகாபைட்டுக்கு 3,360 பெஸோ. மாத ஊதியமே ஆறு, ஏழாயிரம் பெஸோவாக உள்ள நாட்டில் இது நிகழ்ந்தது. ஹவானாப் பல்கலைக்கழகக் கணித, கணினிப் பீட மாணவர் விரிவுரைகளுக்குச் செல்ல மறுத்தனர். ஏனைய பீடங்களிலிருந்தும் அறிக்கைகள் வெளிவந்தன. மாணவருக்கென ஒரு சலுகைப் பொதியை நிறுவனம் அறிவித்தது. தமக்கு மட்டுமான சலுகை வேண்டாம், எல்லோருக்குமான கட்டணத்தை மாற்றுங்கள் என்பதே அப்பீட மாணவரின் பதிலாயிருந்தது.