இடுப்பு மூட்டும் ஒரு பதிவேடும்

பெருமூளை வாதமுள்ள ஒரு பிள்ளையின் இடுப்பு மூட்டு, பிறக்கேக்க அநேகமாக மற்றப் பிள்ளைகளுடையதைப் போலத்தான் இருக்கும். பிழை பிறகுதான் வருது. மூளையில் ஏற்பட்ட சேதத்தால் தொடையின் உட்பக்கத் தசைகள் இறுகி, காலை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். எழும்பி நடக்காத காலில் பாரம் விழாது. அதால மூட்டின் குழியும் ஆழமாக வளராது. வருஷக்கணக்கில் தொடை எலும்பின் பந்து போன்ற தலை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். தொடக்கத்தில் நோவே இல்லாமல் இருக்கலாம். அதுதான் ஆபத்து. மூட்டு முழுசாகக் கழன்ற பிறகு இருக்கிறது, படுக்கிறது, உடுப்பு மாத்துறது எல்லாமே வேதனையாகிவிடலாம்.

இந்த வாதத்தைப் பற்றி லண்டன் வைத்தியர் வில்லியம் லிட்டில் 1861இலேயே பேசிவிட்டார். எங்களைப் பிடித்த கதை அதுக்குக் கனகாலம் பிந்தியது. 1980இல் ரெய்மர்ஸ் என்ற வைத்தியர், எலும்பின் தலை குழிக்கு வெளியே எத்தனை வீதம் நிற்குது என்று எக்ஸ்ரேயில் அளக்கும் முறையை எழுதினார். “கொஞ்சம் விலகியிருக்கு” என்ற பேச்சு ஒரு எண்ணாக மாறியது. எண் இருந்தால் போன வருஷத்தோடு இந்த வருஷத்தை ஒப்பிடலாம்.

1994இல் தெற்குச் சுவீடனில் அதைத்தான் செய்தார்கள். அந்தப் பகுதியில் பெருமூளை வாதமுள்ள பிள்ளைகள் எல்லாரையும் ஒரே பதிவேட்டில் சேர்த்தார்கள். நோகுதென்று வருகிற பிள்ளைகள் மட்டுமில்லை, எல்லாரும். இயன்மருத்துவர் தவணை வைத்துக் கால்களை அளந்தார். இடைக்கிடை எக்ஸ்ரே எடுத்தார்கள். எண் ஏறினால், மூட்டு கழல முன்னமே சிகிச்சை.

1990, 1991இல் பிறந்த 103 பிள்ளைகளில் 8% பேருக்கு மூட்டு கழன்றிருந்தது. 1992 முதல் 1997 வரை பிறந்தவர்களில் அது 0.5%.  சத்திரசிகிச்சை இல்லாமல் போகவில்லை, வேளைக்கே நடந்தது.

ஆனா பதிவேடு என்றதும் எங்களுக்கு ஒரு நெருடலும் வந்தது. இதே சுவீடனில்தான் 1934ஆம் ஆண்டுச் சட்டம், மனநோயும் அறிவுத்திறன் குறைபாடும் உள்ள சிலருக்கு அவர்களின் சம்மதமே இல்லாமல் கருத்தடை செய்ய இடம் கொடுத்தது. எழுபதுகளின் நடுப்பகுதி வரை கருத்தடைச் சட்டங்கள் அங்கே நீடித்தன. இருபது வருஷத்துக்குள், எண்ணுவதன் நோக்கம் இப்படித் திரும்பியதை எங்கட வரலாற்றுப் பாடங்களில் நாங்கள் அதிகம் காணவில்லை.

2005இல் அது நாடு முழுவதுக்குமான பதிவேடானது. பிறகு நோர்வே, டென்மார்க், ஸ்கொட்லாந்து எல்லாம் அதே வழியில் போயின. முதலில் பதிவான பிள்ளைகள் இப்ப முப்பது வயதைத் தாண்டியவர்கள், எங்கட அண்ணா அக்காமாரின் வயது. பதிவேடு இப்ப வளர்ந்தவர்களையும் தொடருது.