37ஆம் பிரிவும் புர்க்கினா ஃபாசோ மக்கள் எழுச்சியும் (2014)

புர்க்கினா ஃபாசோ மக்கள் எழுச்சி என்பது, மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா ஃபாசோவில் குடியரசுத் தலைவரின் பதவிக்கால வரம்பைத் தளர்த்தும் அரசமைப்புத் திருத்தத்தை எதிர்த்து 2014 அக்டோபர் இறுதியில் நடந்த போராட்டத்தைக் குறிக்கும். 27 ஆண்டுகள் ஆட்சியில் இருந்த பிளேஸ் கம்பாவோரே இதன் விளைவாக அக்டோபர் 31 அன்று பதவி விலகி, அண்டை நாடான ஐவரி கோஸ்டில் தஞ்சம் புகுந்தார். வெளியுலகம் இதைச் சில நாள் கொந்தளிப்பாகவே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் பதினாறு ஆண்டு உழைப்பு இருந்தது. அரசமைப்பின் ஒரு பிரிவை மக்கள் முதலில் போராடிப் பெற்றார்கள், பிறகு காவல் காத்தார்கள், கடைசியில் அதற்காக உயிரையும் கொடுத்தார்கள். பதவிக்கால வரம்பு ஏட்டில் எழுதப்பட்டதால் மட்டும் நிலைப்பதில்லை. அதைத் தம்முடையதாகக் கருதும் மக்கள் அமைப்பாகத் திரண்டிருக்கும் இடத்தில்தான் அது நிலைக்கிறது என்பதற்கு இந்த எழுச்சி தெளிவான சான்று. அந்தக் காவலின் எல்லை எது என்பதையும் இதே நாட்டின் பிந்தைய வரலாறு காட்டுகிறது.

பிரிவு உருவான கதை

1987 அக்டோபர் 15 அன்று புரட்சித் தலைவர் தாமஸ் சங்காரா சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய நெருங்கிய தோழராக இருந்த கம்பாவோரே ஆட்சியைப் பிடித்தார். 1991 ஜூனில் பொது வாக்கெடுப்பின் மூலம் ஏற்கப்பட்ட அரசமைப்பின் 37ஆம் பிரிவு, குடியரசுத் தலைவருக்கு ஏழாண்டுப் பதவிக்காலத்தை வகுத்து, ஒரே ஒரு முறை மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம் என்றது. அந்த வரம்பு ஆறு ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. 1997இல் ஆளுங்கட்சி தன் நாடாளுமன்றப் பெரும்பான்மையைக் கொண்டு அதை நீக்கியது. பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை. எதிர்க்கட்சிகள் சிதறிக் கிடந்தன. ஒரு பிரிவில் சில சொற்கள் மாறுவதால் தம் வாழ்க்கையில் என்ன மாறும் என்பது சாதாரண மக்களுக்கு அப்போது விளங்கவில்லை.

அதை விளங்கவைத்தது ஒரு பத்திரிகையாளரின் கொலை. தலைவரின் தம்பி பிரான்சுவா கம்பாவோரேயின் கார் ஓட்டுநர் மர்மமாக இறந்ததைத் துருவி ஆராய்ந்துவந்த நோர்பேர் ஸோங்கோ, 1998 டிசம்பர் 13 அன்று சாப்பூயி அருகே சுடப்பட்டு, வண்டியோடு எரிந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டார். மாணவர், தொழிற்சங்கத்தினர், மனித உரிமை அமைப்பினர், பத்திரிகையாளர் எல்லோரும் ஒரே கூட்டமைப்பாகத் திரண்டனர். 'பொறுத்தது போதும்' என்பதே அதன் முழக்கம். கொலையாளிகள் தண்டிக்கப்படவில்லை. ஆனால் மாதக்கணக்கில் நீடித்த போராட்டம் அரசை அசைத்தது. 2000இல் 37ஆம் பிரிவு மீண்டும் திருத்தப்பட்டு, பதவிக்காலம் ஐந்தாண்டாகக் குறைந்தது, இரண்டு முறை என்ற வரம்பும் திரும்பி வந்தது. ஆக, 2014இல் மக்கள் காத்து நின்ற பிரிவு அரசு மனமுவந்து அளித்த கொடை அல்ல. ஒரு கொலைக்கு நீதி கேட்ட இயக்கம் அரசிடமிருந்து பெற்ற ஒரே உறுதியான ஈடு அது. இந்த உண்மையை விட்டுவிட்டு 2014ஐப் புரிந்துகொள்ள முடியாது.

அந்த ஈட்டிலும் ஓட்டை இருந்தது. புதிய வரம்பு பின்னோக்கிச் செல்லாது என்று 2005இல் அரசமைப்பு மன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே இரண்டு ஏழாண்டுகள் ஆண்டு முடித்த கம்பாவோரே 2005இலும் 2010இலும் வென்றார். எனினும் இப்போது கடிகாரம் ஓடத் தொடங்கியிருந்தது. 2015இல் அவர் போயாக வேண்டும் என்பது எழுத்தில் இருந்தது, அது எல்லோருக்கும் தெரிந்தும் இருந்தது.

திருத்தமும் எண்ணிக்கையும்

முதல் அறிகுறி 2013இல் தெரிந்தது. உறுப்பினர்களில் ஒரு பகுதியினரைத் தலைவரே நியமிக்கக்கூடிய செனட் சபை ஒன்றை அமைக்க அரசு முனைந்தது. பதவிக்கால வரம்பை நீக்கத் தேவையான பெரும்பான்மையை உருவாக்கும் குறுக்குவழி இது என்று எதிர்க்கட்சிகள் கண்டுகொண்டன. எதிர்க்கட்சித் தலைவர் ஸெஃபிரின் தியாப்ரே தலைமையில் பேரணிகள் நடந்தன. கத்தோலிக்க ஆயர்கள் வெளியிட்ட மடல் செனட்டின் தேவையையே கேள்விக்குள்ளாக்கியது. திட்டம் கிடப்பில் போடப்பட்டது. அதே ஆண்டில் ராப் பாடகர் ஸ்மோக்கி, ரெகே பாடகர் சாம்ஸ்கா லெ ஜா முதலியோர் 'பலே சித்துவாயென்' என்ற இயக்கத்தைத் தொடங்கினர். குடிமக்களின் விளக்குமாறு என்று பொருள்படும் இந்த இயக்கம் தெருக்களையும் மருத்துவமனை வளாகங்களையும் உண்மையாகவே கூட்டித் துப்புரவு செய்து, கட்சி அரசியலை வெறுத்த இளைஞர்களிடம் அரசமைப்பைக் கொண்டு சேர்த்தது. 2014 ஜனவரியில் ஆளுங்கட்சியின் தூண்களாக இருந்த ரோக் மார்க் கிறிஸ்டியன் கபோரே, சலிஃப் தியால்லோ, சிமோன் கம்பாவோரே ஆகியோர் விலகிப் புதுக்கட்சி கண்டனர்.

2014 அக்டோபர் 21 அன்று அமைச்சரவை திருத்த வரைவை ஏற்றது. ஒரு முறை என்றிருந்த மறுதேர்தலை இரண்டு முறை என்று ஆக்குவதே அதன் சாரம். பார்வைக்குச் சிறிய மாற்றம்தான். ஆனால் 2005 தீர்ப்பின் தருக்கத்தையே மறுபடியும் பொருத்தினால் கம்பாவோரே மேலும் 15 ஆண்டுகள் ஆளலாம். அரசமைப்பின்படி, நாடாளுமன்றத்தில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்தால் பொது வாக்கெடுப்பே தேவையில்லை. மொத்த உறுப்பினர் 127 பேர், தேவை 96 வாக்குகள். ஆளுங்கட்சியிடம் 70 இருந்தன, அதன் துணைக்குழுவிடம் 11. இவை போதாது. 18 உறுப்பினர் கொண்ட மூன்றாவது கட்சி கடைசி வாரத்தில் ஆதரவு தெரிவித்ததும் கூட்டுத்தொகை 99 ஆனது. மக்களின் வாக்குப் பெட்டிக்கே போகாமல், மூன்று வாக்குகள் உபரியாக, ஓர் ஆட்சியை நீட்டிக்கும் கணக்கு நிறைவேறிவிட்டது. நாள் குறிக்கப்பட்டது அக்டோபர் 30.

மீதமிருந்தது தெரு ஒன்றுதான். அக்டோபர் 27 அன்று தலைநகர் வாகடூகுவில் பெண்கள் களி கிண்டும் மரத் துடுப்புகளை உயர்த்திப் பிடித்தபடி ஊர்வலம் வந்தனர். சிறுதானியக் களியே அந்நாட்டின் அன்றாட உணவு. அந்தத் துடுப்பைப் பெண்கள் தெருவில் தூக்குவது, பொறுமை எல்லை கடந்துவிட்டது என்ற கடும் கண்டனமாக அங்கே கொள்ளப்படுகிறது. மறுநாள் நடந்த பேரணியில் பத்து லட்சம் பேர் கலந்துகொண்டதாக ஏற்பாட்டாளர்கள் கூறினர். 30ஆம் தேதி காலையில் ஆளுந்தரப்பு உறுப்பினர்கள் நாடாளுமன்றத்துக்கு அருகிலிருந்த ஓட்டலில் தங்கவைக்கப்பட்டிருந்தனர். கண்ணீர்ப்புகையைத் தாண்டி முன்னேறிய கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து தீ வைத்தது. வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. மறுநாள் கம்பாவோரே பதவி விலகினார். பாதுகாப்புப் படையினரின் துப்பாக்கிச் சூட்டிலும் கலவரத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தனர்.

எது வெற்றி தந்தது

ஆப்பிரிக்காவின் பிற அனுபவங்களோடு வைத்துப் பார்த்தால் இரண்டு காரணங்கள் துலங்குகின்றன. முதலாவது, தடுத்த நேரம். ஸாம்பியாவில் குடியரசுத் தலைவர் பிரெடெரிக் சிலுபா மூன்றாம் முறை போட்டியிட முயன்றபோது திருச்சபைகளும் வழக்கறிஞர் சங்கமும் பெண்கள் அமைப்புகளும் 2001 பிப்ரவரியில் 'ஒயாசிஸ் ஃபோரம்' என்ற மேடையில் ஒன்றுகூடின. மக்கள் பச்சை ரிப்பன் அணிந்தனர், வெள்ளிக்கிழமை மாலைகளில் வண்டிகளின் ஹாரனை ஒலித்தனர். திருத்த மசோதா வருமுன்னரே, மே மாதத்தில், சிலுபா பின்வாங்கினார். செனகலில் முதல் சுற்றில் 25 விழுக்காடு வாக்கு பெற்றாலே தலைவராகலாம் என்ற, அன்றைய தலைவர் அப்துலாயே வாத்தின் மசோதாவை, 2011 ஜூன் 23 அன்று நாடாளுமன்றத்தைச் சூழ்ந்த கூட்டம் அன்றைக்கே திரும்பப் பெறவைத்தது. இதற்கு மாறாக கினியாவில் 2020 மார்ச்சில் எதிர்ப்பை மீறிப் பொது வாக்கெடுப்பு நடந்து முடிந்தது. ஆல்ஃபா கோண்டே மூன்றாம் முறையும் பதவியேற்றார். திருத்தம் சட்டமானபின் எதிர்ப்பவர்களைச் சட்டத்தை மீறுபவர்களாகக் காட்ட அரசால் முடிகிறது. அதற்கு முன் அந்தப் பழி அரசின் தலையில்தான் இருக்கிறது.

இரண்டாவது, தெளிவு. 'இரண்டு முறை' என்பதும் '25 விழுக்காடு' என்பதும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரே வாக்கியத்தில் புரியும். ஆளும் வட்டங்கள் இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டன. டோகோவில் 2024இல் எண்ணைத் தொடாமல் ஆட்சிமுறையையே நாடாளுமன்ற முறையாக மாற்றினார்கள். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்கள் இழந்தார்கள். 2005 முதல் ஆண்டுவந்த ஃபோர் நாசிங்பே, மறு ஆண்டு, கால வரம்பற்ற புதிய பதவியில் அமர்ந்தார். சிக்கலான திருத்தத்துக்கு எதிராக மக்களைத் திரட்டுவது கடினம். ஆகவே அரசமைப்பை எளிய சொல்லில் எடுத்துச்சொல்லும் வேலை போராட்டத்தின் உயிர்நாடி.

மறுப்புகள்

திருத்தும் அதிகாரத்தை அரசமைப்பே நாடாளுமன்றத்துக்கு அளித்திருக்க, அதைத் தெருவில் தடுப்பது எப்படி முறையாகும் என்பது முதல் மறுப்பு. எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது. திருத்தவே முடியாதவை என்று அன்றைய 165ஆம் பிரிவு வகுத்த பட்டியலில் குடியரசு முறையும் பலகட்சி முறையும் நாட்டின் ஒருமைப்பாடும் இருந்தன, பதவிக்கால வரம்பு இல்லை. ஆனால் அதே அரசமைப்பின் 168ஆம் பிரிவு தனிநபர் ஆட்சி என்ற எண்ணத்தையே விலக்குகிறது. புர்க்கினா ஃபாசோ ஏற்றுக்கொண்ட, 2007ஆம் ஆண்டின் ஆப்பிரிக்க மக்களாட்சி சாசனம், ஆட்சிமாற்றத்தைத் தடுக்கும் திருத்தங்களையும் ஆட்சிக்கவிழ்ப்போடு ஒரே பட்டியலில் வைத்துச் சட்டவிரோதம் என்கிறது. தேர்தலில் கிடைத்த பெரும்பான்மை ஆளுவதற்கான கட்டளை. அடுத்த தேர்தலின் விதியைத் தனக்குச் சாதகமாக வளைப்பதற்கான கட்டளை அதில் அடங்காது. வரம்பை மக்களே விரும்பவில்லை என்ற வாதமும் நிற்காது. ஆப்ரோபாரோமீட்டர் அமைப்பு முப்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் நடத்திய கணிப்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இருமுறை வரம்பை ஆதரித்துள்ளனர்.

நாடாளுமன்றத்தைக் கொளுத்தியவர்கள் அரசமைப்பின் காவலர்கள் ஆவார்களா என்பது இரண்டாவது மறுப்பு. தீவைப்பும் சூறையாடலும் நியாயப்படுத்த முடியாதவை. அவை போராட்டத்துக்கு இன்றியமையாதவையும் அல்ல என்பதை ஸாம்பியா காட்டியது. ஆனால் பேரணி, மடல், பேச்சுவார்த்தை, கட்சி விலகல் ஆகிய வழிகள் அனைத்தும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முயலப்பட்டு, அவற்றை எல்லாம் அரசு புறக்கணித்த பின்னரே அந்த நாள் வந்தது. பொது வாக்கெடுப்பையும் தவிர்க்க முடிவுசெய்தவர்கள், அமைதியான வழிகளில் கடைசியானதையும் தாங்களே அடைத்தார்கள். வென்றவர்கள் தவறே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. திருத்தத்தை ஆதரித்தவர்கள் தேர்தலில் நிற்பதைத் தடுக்கும் சட்டத்தை கம்பாவோரேக்குப் பின் அமைந்த இடைக்கால மன்றம் 2015 ஏப்ரலில் இயற்றியது. அது உரிமை மீறல் என்று மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகத்தின் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூலையில் தீர்ப்பளித்தது. ஒரு தரப்பின் ஏகபோகத்தை எதிர்த்தவர்கள் மறுதரப்பை ஒதுக்கியது அந்த இயக்கத்தின் நியாயத்தையே குறைத்தது.

பின்விளைவு

கம்பாவோரே விலகியதும் அதிகாரம் படைத்தளபதிகளின் கைக்குப் போனது. பிறகு மிஷேல் கஃபாண்டோ தலைமையில் இடைக்கால அரசு அமைந்தது. 2015 செப்டம்பர் 16 அன்று பழைய தலைவரின் மெய்க்காவல் படை, ஜெனரல் ஜில்பேர் தியெந்தெரே தலைமையில் அந்த அரசைக் கவிழ்த்தது. ஆட்சிக்கவிழ்ப்பு நேர்ந்தால் ஒத்துழையாமை குடிமக்களின் உரிமை என்று 167ஆம் பிரிவு கூறுகிறது. மக்கள் அதைச் செயலில் காட்டினர். தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் அறிவித்தன, நகரங்களில் சாலைகள் மறிக்கப்பட்டன, பிற படைப்பிரிவுகள் தலைநகரை நோக்கி நகர்ந்தன. ஒரு வாரத்தில் கவிழ்ப்பு முறிந்தது. நவம்பரில் இருமுறை வரம்பு திருத்தவே முடியாதவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அம்மாதம் 29ஆம் தேதி நடந்த தேர்தலில் கபோரே வென்றார்.

ஆயுதக் குழுக்களின் தாக்குதல்களை அடக்க முடியாத நிலையில் கபோரேயின் ஆட்சி 2022 ஜனவரியில் ராணுவத்தால் கவிழ்க்கப்பட்டது. செப்டம்பரில் இரண்டாவது கவிழ்ப்பு இப்ராஹிம் திராவோரேயை அமர்த்தியது. 2024இல் இடைக்கால ஆட்சி மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கப்பட்டது. பலே சித்துவாயெனின் நிறுவனர்களில் ஒருவரான வழக்கறிஞர் கி எர்வே காம் அவ்வாண்டு தடுத்துவைக்கப்பட்டார். இதைக் காட்டி, எழுச்சி வீண் என்று சொல்வோர் உண்டு. ஆனால் 2015இல் கவிழ்ப்பை முறியடித்த மக்கள் 2022இல் ஏன் திரளவில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கிராமங்கள் எரிந்து, லட்சக்கணக்கானோர் வீடிழந்து அலைந்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு காக்கத் தகுந்தது என்ற நம்பிக்கை பலரிடம் போய்விட்டிருந்தது. பதவிக்கால வரம்பு ஒருவர் நிரந்தரமாக ஆள்வதைத் தடுக்கும், அடுத்து வருபவர் நன்றாக ஆள்வார் என்று உறுதி தராது. அந்த உறுதியைத் தேர்தலும் நீதிமன்றமும் நிர்வாகமும் உயிர்காக்கும் பாதுகாப்பும் சேர்ந்துதான் தர முடியும். 2014இன் மக்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். அவர்கள் காத்துக்கொடுத்த பிரிவுக்குத் தகுந்த அரசை நடத்தத் தவறிய பொறுப்பு அதன்பின் ஆண்டவர்களுடையது.