அன்றாடு நற்காசும் அரைச்சக்கரமும்

நாணயம் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. காசு என்பது ஒன்று. நேர்மை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழியில் காசின் வரலாறு வாணிகத்தின் வரலாறாக மட்டும் நின்றுவிட இயலாது. அது நம்பிக்கையின் வரலாறும் ஆகும். தன்னூரில் செல்லும் காசு அடுத்த நாட்டில் செல்லாதபோது வழிப்போக்கன் என்ன செய்தான், எதை இழந்தான் என்பதைத் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியே மேற்கு நோக்கிச் செல்லும் சாலை நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

வெட்டுண்ட பொற்காசு

அயல்நாட்டுக் காசு தமிழகத்திற்குப் புதியதன்று. புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள கருக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு 501 உரோமானியப் பொற்காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய வடு காணப்படுகின்றது. அவ்வெட்டுக்குக் காரணம் பலவாறு கூறப்படும். எனினும் ஒன்று தெளிவு. உரோமாபுரியில் அரசாணையாக விளங்கிய முகம் இம்மண்ணில் ஆணையாகவில்லை. பொன் பொன்னாக மட்டுமே மதிக்கப்பட்டது. அயல்காசு எடைப்பொருளாயிற்று. அதே பண்டைக் காலத்தில் பாண்டியர் 'பெருவழுதி' எனத் தமிழ் எழுத்தில் பெயர் பொறித்துத் தம் செப்புக்காசுகளை வெளியிட்டனர் என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

கல்வெட்டுகள் இக்கருத்தை இன்னும் நயமாக உரைக்கின்றன. பழங்காசு, ஈழக்காசு எனப் பல பெயர்கள் அவற்றில் வருகின்றன. இவற்றிடையே 'அன்றாடு நற்காசு' என்றொரு தொடர் உண்டு. அன்றைய நாளில், அவ்விடத்தில், வழங்கி வரும் நல்ல காசு என்பது அதன் பொருள். நிலம் விற்றவரும் கோயிலுக்கு விளக்கு வைத்தவரும் வெறுங்காசு என எழுதி அமையவில்லை. அன்றாடு நற்காசு என வரையறுத்தனர். எக்காசு உயர்ந்தது என்னும் வினாவைவிட எக்காசு இவ்விடத்தில் செல்லும் என்னும் வினாவே அவர்களுக்கு முதன்மையாக இருந்தது.

மலைக்கு அப்பால் வேறு கணக்கு

திருமங்கலத்திலிருந்து திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து கொல்லம் செல்லும் சாலை இன்று ஒரே நாட்டுக்குள் அமைந்த நெடுஞ்சாலை. 1949 வரை அவ்வாறில்லை. தென்காசி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அடுத்துள்ள செங்கோட்டையோ திருவிதாங்கூர் மன்னராட்சிக்கு உட்பட்டது. இரண்டு ஊரிலும் பேசியது தமிழே. ஆயினும் தென்காசியில் அணா என எண்ணியவர் செங்கோட்டையில் சக்கரம் என எண்ண வேண்டியிருந்தது. மொழி மாறாத இடத்தில் காசு மாறியது.

திருவிதாங்கூரின் கணக்கு தனித்தன்மை உடையது. பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக அந்நாட்டு ரூபாய்க்கு 28 சக்கரம். ஆங்கிலேயர் ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும் மதிப்பு. வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. விரலால் எண்ணினால் நழுவிவிடும். ஆதலின் குழிகள் இட்ட மரப்பலகையில் காசுகளைக் கொட்டி, குழிகள் நிரம்பியதும் மிகுந்தவற்றை வழித்துவிட்டு எண்ணினர். அஞ்சல் தலைகளும் 1888 முதல் சக்கர விலையிலேயே வெளிவந்தன.

இருவகை ரூபாய்க்கும் உள்ள வேறுபாடு அரைச்சக்கரமே. ரூபாய்க்கு ரூபாய் சரி என எண்ணி, கணக்கறியாமல் நூறு ரூபாய் மாற்றிய கிழக்கத்தி வணிகர் ஐம்பது சக்கரத்தை, அதாவது ஒன்றே முக்கால் ரூபாய்க்கும் சற்று மிகுதியாக, இழந்திருப்பார். இத்தகைய மாற்றுக் கழிவைத் தமிழ் வணிகர் 'வட்டம்' என்றனர். வட்டம் அறிந்த வணிகர் மொத்தமாக மாற்றித் தப்பிக்கலாம். கூலிக்காக மலை கடந்த ஏழையின் நிலை வேறு. ஒரு சக்கர விலையுள்ள பண்டத்திற்கு அவர் கையிலுள்ள அரையணா போதாது. அது பதினான்கேகால் காசுதான். ஓரணா கொடுத்தால் இருபத்தெட்டரைக் காசு. பதினாறு போக மீதி பன்னிரண்டரை. அந்த அரைக்காசை எந்தக் கடைக்காரர் திருப்பித் தருவார்? செல்வரின் இழப்பு கணக்கில் எழுதப்படும். ஏழையின் இழப்பு எழுதப்படாமலே போகும். உள்ளூர்க் காசை முன்னரே மாற்றி மடியில் முடிந்துகொள்வதே அவருக்கிருந்த ஒரே காப்பு.

1949ஆம் ஆண்டு சூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபின் சக்கரம் வழக்கொழிந்தது. 1956 நவம்பர் முதல் நாள் செங்கோட்டையும் தமிழகத்தோடு சேர்ந்தது.

இன்றைய வட்டம்

எல்லைகள் தொலைவுக்கு நகர்ந்தனவேயன்றி அரைச்சக்கரம் மறையவில்லை. 1944இல் பிரெட்டன் உட்சு மாநாடு டாலரை உலக நாணயங்களின் நடுவிடத்தில் அமர்த்தியது முதல், டாலர் எங்கும் செல்லும் என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ செல்பவர் ரூபாயை டாலராக்கி, அங்கே டாலரை அந்நாட்டுக் காசாக்கும்போது இருமுறை வட்டம் கொடுக்கின்றார். கடன் அட்டையை நீட்டினாலும் கடைக்காரரின் கருவி, இந்திய ரூபாயில் செலுத்துகிறீரா, உள்நாட்டுக் காசில் செலுத்துகிறீரா எனக் கேட்பதுண்டு. தாய்நாட்டுக் காசு என மனம் மகிழ்ந்து ரூபாயைத் தெரிந்தெடுத்தால், மாற்று விகிதத்தை அக்கடைக்குரிய வங்கித் தரப்பே வரையறுக்கும். பெரும்பாலும் இழப்பு நமதே. உள்நாட்டுக் காசு என்பதே தக்க விடை. 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையிலும் மொரீசியசிலும் இந்தியக் கைப்பேசிப் பணமுறை செல்லுபடியாகின்றது. அங்கும் கடைக்காரர் பெறுவது தம் நாட்டுக் காசையே.

காசு மறையினும் சொல் மறைவதில்லை. டச்சுக்காரரின் சிறுகாசுப் பெயரே நம் பேச்சில் 'துட்டு' ஆயிற்று என்பர். நம் 'பணம்' ஆங்கிலேயர் ஏடுகளில் உருத்திரிந்து வாழ்கின்றது. வழங்கும் இடத்தில் வழங்குவதே காசு. வழங்கும் இடத்தில் வழங்குவதே சொல்.

சங்கப் புலவருள் வடமவண்ணக்கன் தாமோதரனார் உள்ளிட்ட சிலர் வண்ணக்கன் என்னும் பெயர் தாங்கியவர்கள். வண்ணக்கன் என்பான் காசின் நோட்டம் பார்ப்பவன். காசைத் தட்டிப் பார்த்த செவியே சொல்லையும் தட்டிப் பார்த்தது போலும். செல்லும் இடத்தின் காசை மதித்துக் கைக்கொள்பவன் அவ்விடத்து மக்களின் உழைப்பையும் கணக்கையும் மதிக்கின்றான். தானும் ஏமாறான், பிறரையும் ஏமாற்றான். நாணயம் என்னும் சொல்லின் இரு பொருளும் ஒன்றாகும் இடம் அதுவே.