நாவல் மரத்தடியில்

பள்ளிக்கரணையில் சாலையோரத் தள்ளுவண்டியில் நாவல்பழம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உகாண்டா ஞாபகம் வரும். மோனிகா அராக் டி நியெகோவின் ‘ஜம்புலா மரம்’ சிறுகதையில் வருவது நம்ம நாவல்தான். அதன் கீழே இரண்டு இளம்பெண்கள் நெருக்கமாக இருப்பதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிடுகிறாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒருத்தியை லண்டனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இன்னொருத்தி அவளுக்கு எழுதும் கடிதம்தான் கதை. 2007-இல் ஆப்பிரிக்கச் சிறுகதைக்கான கெய்ன் பரிசைப் பெற்றது.

அந்த வருஷம் இங்கேயும் 377-ஆம் பிரிவு உயிரோடு இருந்தது. 1860-இல் பிரிட்டிஷ்காரன் நமக்கு எழுதிய சட்டம் அது. அதே சாயலில் உகாண்டாவுக்கும் ஒன்று கொடுத்தான். இங்கே 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபாலுறவு குற்றமல்ல என்றது. உகாண்டாவோ 2023-இல் மரண தண்டனை வரை போனது. ‘இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம்’ என்று அங்கேயும் சொல்கிறார்கள், இங்கேயும் சொல்கிறார்கள். அவன் கொண்டுவந்தது சட்டத்தைத்தான்.

இந்தப் பதிலைக் கதைகள் நீதிமன்றத்துக்கு முன்பே சொல்லிவிட்டன. கி.ரா.வின் ‘கோமதி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணாகப் பிறந்து தன்னைப் பெண்ணாகவே உணரும் ஒரு சமையல்காரர், நம்மூர் அடுப்படியில், நம்ம பேச்சோடு நிற்கிறார். அவரை எந்தக் கப்பலில் இறக்கினார்கள்? நியெகோவும் கோஷம் போடவில்லை. கம்பாலாவின் நகாவா குடியிருப்பில், எல்லோருக்கும் தெரிந்த ஒரு மரத்தடியில் அந்தக் காதலை வைக்கிறார். ‘இவர்கள் வெளியூர்க்காரர்கள்’ என்று துரத்துபவர்களிடம், ‘இல்லை, இதே தெருதான்’ என்று சொல்வதைவிடப் பெரிய எதிர்ப்பு எனக்குத் தெரியவில்லை.