உதகைத் தீர்மானங்களும் உதகை நகராட்சியும்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாகக் கூடும்போது நாம் பெரும்பாலும் இராயப்பேட்டையைப் பேசுகிறோம். 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழைப் பேசுகிறோம். பௌத்தத்தை அவர் மீட்டெடுத்ததைப் பேசுகிறோம். ஆனால் அவருடைய பொதுவாழ்வு தொடங்கிய இடம் நீலகிரி மலை. 1870களில் அத்வைதானந்த சபையை அவர் நடத்தியது அங்கேதான். 1891 டிசம்பர் 1 அன்று திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியதும் உதகமண்டலத்தில்தான். அந்தத் தீர்மானங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதே உதகையின் நகராட்சியைப் படித்துப் பார்ப்பதே இந்த உரையின் வேலை. ஒரு சிறிய மலை நகரத்தின் உள்ளாட்சி எதை முதலில் செய்ய வேண்டும் என்ற கேள்வி ஏதோ நிர்வாகக் கேள்விபோலத் தோன்றும். அது நம்முடைய வரலாற்றின் கேள்வி.

முதலில் ஊரின் கதை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். தோடர்களின் மந்துகளும் மேய்ச்சல் வெளிகளும் இருந்த இடத்தில் 1822இல் கல் பங்களா எழத் தொடங்கியது. 1823இல் ஏரி வெட்டும் வேலை தொடங்கியது. 1848இல் தாவரவியல் பூங்காவின் பணிகள் ஆரம்பமாயின. வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் உடல் தேற வந்து தங்கும் இடமாக இருந்த ஊர், பிறகு சென்னை மாகாண அரசே கோடையில் இடம்பெயரும் தலைநகரமானது. 1866இல் நகராட்சி அமைந்தது. அதாவது, இந்த ஊரில் நகராட்சி உருவானபோதே அது யாருக்காக என்பது முடிவாகியிருந்தது. சில மாதம் தங்கிவிட்டுப் போகிறவர்களுக்குச் சுத்தமான சாலை, சுத்தமான தண்ணீர், நாற்றம் இல்லாத காற்று. இதைத்தான் அந்தக் கால நிர்வாக மொழி 'சானிடேஷன்' என்றது.

அந்தச் சுத்தத்தைச் செய்தவர்கள் சமவெளியிலிருந்து வந்த நம் மக்கள். பட்லர்களாக, சமையல்காரர்களாக, ஆயாக்களாக, தோட்டக் கூலிகளாக, மலம் அள்ளும் தொழிலாளர்களாக மலையேறினார்கள். 1876-78 தாது வருடப் பஞ்சம் இன்னும் பலரை மலைத் தோட்டங்களுக்குத் துரத்தியது. சேரியின் பிடியிலிருந்து கொஞ்சம் விலகிய இடம், கூலி காசாகக் கிடைத்த இடம், பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்க முடிந்த இடம் அது. அயோத்திதாசர் அங்கே வளர்ந்ததும், இரட்டைமலை சீனிவாசன் அங்கே கணக்கராக வேலை பார்த்ததும் தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை. ஆனால் அதே இடத்தில் நகராட்சி மன்றத்தின் கதவு மூடியே இருந்தது. அன்றைய நகராட்சிகளில் உறுப்பினர்களைச் சர்க்கார் நியமித்தது. பிறகு வந்த தேர்தலிலும் வரி கட்டுகிறவருக்கே ஓட்டு. ஊரைக் கூட்டுகிறவர் வரி கட்டும் பட்டியலில் வரமாட்டார். எனவே ஊரைப் பற்றி முடிவெடுக்கும் இடத்திலும் வரமாட்டார்.

இந்தப் பின்னணியில் 1891இன் தீர்மானங்களைப் படியுங்கள். பறையர் என்று இழிவுபடுத்துவோரைத் தண்டிக்கச் சட்டம் கேட்டார்கள். பள்ளிகளும் உதவித்தொகையும் அரசு வேலையும் கேட்டார்கள். சிறையில் பறையர்களுக்கென்று இழிவேலை ஒதுக்கிய விதியை நீக்கச் சொன்னார்கள். பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் தண்ணீர் எடுக்கும் உரிமை, அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் சமமாக நுழைந்து அமரும் உரிமை, கிராமப் பதவிகள் என்று பட்டியல் நீள்கிறது. அதில் ஒன்று நேராக நம் பொருளுக்கு வருகிறது. ஜில்லா போர்டுகளிலும் நகராட்சிகளிலும் பறையர்களின் குறைகளை எடுத்துச்சொல்லப் பிரதிநிதிகள் வேண்டும் என்ற தீர்மானம் அது. தண்ணீரும் நாற்காலியும் ஒரே காகிதத்தில் இருக்கின்றன. நாற்காலி இல்லாமல் தண்ணீர் வராது என்று அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

மறு ஆண்டு, 1892இல், சென்னை மகாஜன சபையின் கூட்டத்துக்கு அயோத்திதாசர் நீலகிரியின் பிரதிநிதியாகச் சென்றார். கோயில் நுழைவைக் கேட்டபோது அவரை எதிர்த்துச் சத்தம் எழுந்தது. அப்படியென்றால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கொடுங்கள் என்று கேட்டார். பள்ளி, நிலம், தண்ணீர். இன்றும் ஒரு உள்ளாட்சியை அளக்க இந்த மூன்றைவிடச் சிறந்த அளவுகோல் நம்மிடம் இல்லை.

தீர்மானம் போட்டால் மட்டும் தண்ணீர் வருமா என்ற கேள்விக்கு மராட்டியத்தின் மகாத் நகரம் பதில் சொன்னது. பம்பாய் சட்டமன்றம் 1923இல் நிறைவேற்றிய தீர்மானத்தை ஒட்டி, மகாத் நகராட்சி 1924இல் சவுதார் குளத்தைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. காகிதத்தில் குளம் திறந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று குடிக்கும்வரை நம்மவர் ஒருவரும் அந்தத் தண்ணீரைத் தொட முடியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. உள்ளாட்சி என்றாலே மக்களாட்சி என்று நினைப்பவர்கள் மகாத் நகராட்சியின் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும்.

இன்று நமக்குச் சட்டம் இருக்கிறது. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடங்களை ஒதுக்கியது. 1891இல் கேட்ட நாற்காலி நூறாண்டு கழித்து வந்தது. அதே திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கென்று பதினெட்டு பணிகள் உள்ளன. ஐந்தாவது குடிநீர். ஆறாவது பொதுச் சுகாதாரமும் துப்புரவும் திடக்கழிவும். ஒன்பதாவது நலிந்த பிரிவினரின் நலன். பத்தாவது குடிசைப் பகுதிகளின் மேம்பாடு. பூங்காக்களும் தோட்டங்களும் பன்னிரண்டாவதாக வருகின்றன. இது முன்னுரிமை வரிசை என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் பதினெட்டில் எங்குமே சுற்றுலா என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பிறகு ஏன் உதகையில் எல்லாமே 'சீசன்' என்ற ஒற்றைச் சொல்லைச் சுற்றி ஓடுகின்றன? 2011 கணக்கெடுப்பில் இந்த நகரத்தின் மக்கள்தொகை 88,430. கோடையில் மலைக்கு ஏறும் கூட்டமோ இதைப் பல மடங்கு தாண்டும். பணம் எங்கே போகிறது, குப்பை எங்கே போகிறது என்று தனித்தனியே பாருங்கள். தாவரவியல் பூங்காவின் நுழைவுக் கட்டணம் தோட்டக்கலைத் துறைக்கு. படகு இல்லத்தின் வருவாய் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு. மலை ரயிலின் கட்டணம் ரயில்வேக்கு. விடுதி அறையின் ஜிஎஸ்டி மாநிலத்துக்கும் ஒன்றியத்துக்கும். அந்தப் பயணி விட்டுப்போகும் குப்பையும் கழிவுநீரும் மட்டும் நகராட்சிக்கு. குப்பை தீட்டுக்கல் கிடங்குக்குப் போகிறது. கழிவுநீர் கோடப்பமந்து கால்வாய் வழியாக ஏரிக்கே போகிறது. அதை அள்ளவும் அடைப்பெடுக்கவும் நகராட்சி அழைப்பது யாரை? பெரும்பாலும் அருந்ததியரை, ஆதிதிராவிடரை. தமிழகம் முழுவதும் இந்த வேலை நிரந்தரப் பணியிலிருந்து ஒப்பந்தத்துக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. ஊரின் வருமானம் மேலே போகிறது, ஊரின் சுமை நம் முதுகில் இறங்குகிறது.

தண்ணீரையும் பாருங்கள். பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து, டைகர் ஹில், தொட்டபெட்டா என்று அணைகளும் ஓடைகளும் உள்ள ஊர் இது. இருந்தும் கோடையில் பல வார்டுகளுக்குப் பல நாட்களுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வருகிறது. பயணிகள் உச்சத்தில் இருக்கும் மாதங்களும் நீர் குறையும் மாதங்களும் ஒன்றே. விடுதி டேங்கர் லாரியை வாங்கிவிடும். காலனிப் பெண் குடத்தோடு காத்திருப்பார்.

2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025இல் உதகைக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராய ஐஐடி, ஐஐஎம் போன்ற நிறுவனங்களின் உதவி நாடப்பட்டது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் எண்ணப்படுவது வாகனம். ஒவ்வொரு வாகனமும் எத்தனை கிலோ குப்பையை விட்டுப்போகிறது, அதை அள்ள எத்தனை கைகள் வேண்டும், அந்தக் கைகளுக்கு உறையும் குளிருக்குக் கம்பளி உடையும் உண்டா என்பதையும் எண்ண வேண்டும். மலையின் தாங்குதிறனைப் பேசுகிறவர்கள் தொழிலாளியின் உடல் எவ்வளவு தாங்கும் என்பதையும் பேச வேண்டும்.

நிலத்துக்கு வருவோம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செங்குத்துச் சரிவுகளில் யாரும் ஆசைப்பட்டு வீடு கட்டுவதில்லை. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர்களுக்கும், தினக்கூலிகளுக்கும் எஞ்சிய நிலம் அதுதான். துப்புரவுத் தொழிலாளிக்கு நகராட்சி தரும் வீடோ வேலையோடு வந்து வேலையோடு போவது. 2024இல் குதிரைப் பந்தய மைதானத்தின் சுமார் 52 ஏக்கரை அரசு மீட்டபோது, அங்கே சுற்றுச்சூழல் பூங்கா அமைப்போம் என்றது. அந்தத் தாழ்ந்த ஈர நிலத்தில் வீடு கட்டச் சொல்லி நாம் கேட்கவில்லை. நிலம் கைக்கு வந்ததும் அரசின் நினைவுக்கு முதலில் வருவது இன்னொரு பூங்காதான் என்பதைச் சொல்கிறோம்.

சுற்றுலா நம் மக்களுக்கும் சோறு போடுகிறதே என்று கேட்பார்கள். போடுகிறது. ஓட்டுநர், அறை துடைப்பவர், சாலையோரம் மக்காச்சோளம் சுடுபவர் என்று நம்மவர் அங்கே இருக்கிறார்கள். சுற்றுலாவை நிறுத்தச் சொல்லவில்லை. அதன் செலவை நம் உடலில் ஏற்றாதே என்கிறோம்.

ஆகவே நான்கு கோரிக்கைகளை இந்த அரங்கின் முன் வைக்கிறோம். பயணிகளிடமும் வாகனங்களிடமும் வசூலாகும் கட்டணங்களில் ஒரு நிலையான பங்கு நகராட்சியின் துப்புரவுக்கு வர வேண்டும். அதன் முதல் செலவு தொழிலாளரின் நிரந்தரப் பணியும் இயந்திரமும் பாதுகாப்பு உடையும். எந்த வார்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்பதை நகராட்சி மாதந்தோறும் வெளியிட வேண்டும். தலைமுறையாக ஊரைச் சுத்தம் செய்தவர்களுக்குப் பாதுகாப்பான நிலத்தில் பட்டா வேண்டும். கையால் மலம் அள்ளுவதை ஒழிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகள்மீது சுமத்திய கணக்கெடுப்புக் கடமை எவ்வளவு நிறைவேறியது என்று மன்றத்தில் பதில் சொல்ல வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. 2022 நவம்பர் 1 முதல் தமிழக நகரங்களில் பகுதி சபாக்கள் கூடத் தொடங்கியுள்ளன. கிராம சபைபோல அங்கே வார்டு மக்கள் எழுந்து கேட்கலாம். உங்கள் ஊரின் நகராட்சி வரவு செலவுத் திட்டத்தை வாங்குங்கள். பூங்காவுக்கு எவ்வளவு, குடிநீருக்கு எவ்வளவு, துப்புரவுக்கு எவ்வளவு என்று மூன்று வரிகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். பேச வேண்டிய தீர்மானங்களைப் பண்டிதரும் தோழர்களும் 1891லேயே எழுதி வைத்துவிட்டார்கள். அவற்றை மன்றத்தின் மேசையில் வைப்பது நம் வேலை.

ஜெய்பீம்.