விரட்டினால் போதுமா?

2008 டிசம்பர் 15, சேப்பாக்கம். இங்கிலாந்து வைத்த 387 ரன் இலக்கை நான்கே விக்கெட் இழப்பில் இந்தியா எட்டியது. சச்சின் ஆட்டமிழக்காமல் 103. நம்மூரில் ‘சேஸ் பண்ணிட்டாங்க’ என்றோம். ஆங்கில வர்ணனைக்காரர்கள் இதற்கு ‘சேஸ் டவுன்’ என்பார்கள். யாரும் எங்கும் கீழே இறங்கவில்லை. பிறகு எதற்கு அந்த ‘டவுன்’?

கதை பழையது. லத்தீனில் ‘கப்தாரே’ என்றால் பிடிக்க முயல்வது. அந்தச் சொல் பிரான்சுக்குள் வந்து இரண்டாகப் பிரிந்தது. வடக்கே நார்மன் வாயில் ‘க’ அப்படியே நின்றது; பாரிஸ் பக்கம் ‘ச’ ஆயிற்று. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பின் இரண்டு வடிவமுமே கடல் தாண்டின. முன்னது ‘கேட்ச்’, பின்னது ‘சேஸ்’. ஆம், ஒரு வயிற்றுப் பிள்ளைகள்!

தொடக்கத்தில் ‘கேட்ச்’ என்றாலும் விரட்டுவதுதான். பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே ‘லாட்ச்’ இருந்தது. வந்தேறி அதன் வேலையைப் பறித்துக்கொண்டது; ‘காட்’ என்ற இறந்தகால வடிவத்தைக்கூட அதைப் பார்த்தே அமைத்துக்கொண்டது. பாவம், ‘லாட்ச்’ இன்று கதவுத் தாழ்ப்பாளில் ஒண்டிக் கிடக்கிறது.

அண்ணன் பிடிக்கப் போனதும் தம்பிக்கு வேட்டை மட்டும் மிஞ்சியது. பிரபுக்கள் மான் விரட்டிய காட்டுக்கே ‘சேஸ்’ என்று பெயர். ஸ்டாஃபோர்ட்ஷையரில் ‘கேனக் சேஸ்’ இன்னும் இருக்கிறது. ஆனால் விரட்டியதெல்லாம் அகப்படுமா? அகப்பட்டதைச் சொல்லத்தான் ‘டவுன்’ ஒட்டிக்கொண்டது. ஓடிக் களைத்த மான் கடைசியில் தரையில் சாயுமே, அந்தச் சாய்வுதான் இது என்று எனக்குத் தோன்றும். ‘ஹண்ட் டவுன்’, ‘டிராக் டவுன்’ எல்லாவற்றிலும் அதே முடிவு. ‘முடித்துவிட்டான்’ என்கிறோம், அங்கே யார் எதை விட்டார்கள்? அந்த ‘விடு’ செய்யும் வேலையைத்தான் ‘டவுன்’ செய்கிறது.

‘ரன் ஆஃப்டர்’ என்றால் பின்னால் ஓடுவதோடு சரி. ‘சேஸ் அப்’ பெரும்பாலும் பிரிட்டிஷ் அலுவலகச் சரக்கு: வராத பணத்துக்கு மூன்றாம் முறை நினைவூட்டுவது. பணம் வந்ததா என்று அந்தச் சொல் சொல்லாது. நழுவும் சாட்சியைத் தேடிப் பிடித்துப் பேச வைக்கும் நிருபரோ ‘சேஸ் டவுன்’ செய்கிறார்.

இதே குடும்பத்தில் இன்னொன்றும் உண்டு. ‘பர்ச்சேஸ்’. பழைய பிரெஞ்சில் ஒன்றை அடைய விரட்டிக்கொண்டு போவது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ரங்கநாதன் தெருவுக்குப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மீண்டும் மைதானம். மட்டையாளர்கள் ‘சேஸ்’ செய்கிறார்கள். ஒரு பந்து உயர எழுகிறது. எல்லையில் நிற்பவன் ‘கேட்ச்’ எடுக்கிறான். பிரிந்த அண்ணன் தம்பி எதிரெதிர் அணியில்! நாமோ ‘கேட்ச் பிடிச்சான்’ என்கிறோம், ‘பிடி’யையும் சேர்த்துப் பிடித்து.