கண்ணை மூடினால் கால் ஏன் தடுமாறுகிறது?

காஞ்சிபுரத்துக்குச் செல்லும்போது இரண்டு காட்சிகளைக் கவனியுங்கள். ஒன்று, உலகளந்த பெருமாள் கோயிலில் ஒரு காலைத் தூக்கி நிற்கும், 30 அடிக்கும் மேல் உயரமான திருவிக்கிரமர் சிலை. மற்றொன்று, குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்யும் நெசவாளர். அவருடைய கண்கள் பாவின் மீதும் நாடாவின் மீதும் இருக்கின்றன. பள்ளத்தில் இருக்கும் கால்களோ மிதிகட்டைகளைத் தவறாமல் மாற்றி மாற்றி மிதிக்கின்றன. பார்க்காமலேயே தன் இடத்தைக் கால் எப்படி அறிகிறது?

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். சுவரருகே ஒற்றைக் காலில் நில்லுங்கள். பிறகு கண்களை மூடுங்கள். சில விநாடிகளில் உடல் ஆடத் தொடங்கும். கணுக்கால் இடைவிடாது அசைந்து திருத்திக்கொண்டே இருப்பதையும் உணர்வீர்கள். சிலை அசையாமல் நிற்கலாம். உயிருள்ள உடலோ அசைந்து அசைந்துதான் நிற்க முடியும்.

இந்தப் புதிர் விடுபட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1820களில் பிரான்சு நாட்டு அறிஞர் புளூரான்ஸ், புறாவின் உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்களை வெட்டிப் பார்த்தார். புறாவுக்குக் காது கேட்டது; ஆனால் தலை நிலைகொள்ளாமல் ஆடியது. ஆக, செவி கேட்பதற்கு மட்டும் உரியதன்று என்பது தெரிந்தது. 1840களில் பெர்லின் மருத்துவர் ரோம்பர்க், தண்டுவட நோயாளிகள் சிலர் கண்களை மூடியதும் சாய்ந்து விழுவதைக் குறித்துவைத்தார். கண், செவி இரண்டைத் தவிர வேறொரு வழியாகவும் செய்தி வருகிறது என்பதற்கு இது சான்று.

அந்த மூன்றாவது வழிக்கு 1906இல் பெயர் சூட்டியவர் ஆங்கிலேய அறிஞர் ஷெரிங்டன். தசை, தசைநாண், மூட்டு ஆகியவற்றிலுள்ள நரம்பு முனைகள், உறுப்பு எங்கே, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதை மூளைக்கு ஓயாமல் தெரிவிக்கின்றன. இதுவே உறுப்புநிலை உணர்வு. நெசவாளரின் கால்களுக்குக் கண்ணாக இருப்பதும் இதுதான்.

இதற்கும் விளையாட்டுக்கும் என்ன தொடர்பு? கணுக்கால் சுளுக்கிய மாணவர்களைப் பார்த்திருப்பீர்கள். வீக்கம் வடிந்துவிடும், வலியும் போய்விடும். ஆனால் கபடிக் களத்தில் அதே கால் மீண்டும் பிசகும். 1965இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஃபிரீமன் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மூட்டுநார் கிழியும்போது அதிலுள்ள நரம்பு முனைகளும் சிதைகின்றன. அதனால் கால் பிசகும் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேர்வதில்லை என்றார் அவர். ஆடும் பலகைமீது நிற்கப் பழக்கியபோது நோயாளிகளின் தடுமாற்றம் குறைந்தது. அவர் கூறிய காரணம் மட்டும் போதாது, தண்டுவடமும் மூளையும் கூடப் புதிதாகப் பழகுகின்றன என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆயினும் அவர் காட்டிய பயிற்சி நிலைத்துவிட்டது. முன்பே சுளுக்கு ஏற்பட்டவர்களுக்கு மறு சுளுக்கை இது குறைப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன.

இதற்குப் பணம் தேவையில்லை. நாள்தோறும் சுவரருகே ஒவ்வொரு காலிலும் அரை நிமிடம் நில்லுங்கள். அது எளிதானதும் கண்களை மூடி நில்லுங்கள். பிறகு நண்பர் எறியும் பந்தைப் பிடித்தபடி நில்லுங்கள். புதிதாகச் சுளுக்கிய காலுக்கு மட்டும் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி போன நாளோடு சிகிச்சை முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். காலுக்கு அதன் உணர்வை மீண்டும் கற்றுக்கொடுக்கும் வேலை அன்றுதான் தொடங்குகிறது.